எண்ணெய் தேய்த்து நின்றவள்

அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள் அக்கா. என் பக்கமிருந்து ஒரு வாடை வருகிறதே, அது நான் இல்லை. அது என் அக்கா மகன். புளித்த பால் ஒன்று, நல்லெண்ணெய் ஒன்று, இன்னொன்றும் இருக்கிறது, அதை பஸ்ஸில் வைத்துச் சொல்லக் கூடாது. காலையிலிருந்து சோப்புப் போட்டுப் போட்டுக் கை தோலே வெளுத்துவிட்டது. வாடை போகவில்லை. குழந்தை வாசம், பால் வாசம் என்று கொஞ்சுகிறார்களே, அவர்களெல்லாம் மூக்கை எங்கே கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

நீங்கள் திருநெல்வேலியா? நானும் அங்கேதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு. சம்பளமில்லாத வீட்டு வேலையும் பெண்களும், அதுதான் தலைப்பு. சிரிக்காதீர்கள். தலைப்பைச் சொன்னால் பெண்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள், அதுவே ஒரு தனி அத்தியாயம் எழுத வேண்டிய விஷயம்.

குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்றா கேட்டீர்கள்? என்னிடம் கேட்காதீர்கள். நான் போனது குளிக்க அல்ல, குளிக்கவும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன். தென்காசியைத் தாண்டவே நேரமாகும் போலிருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் பட்டிமன்றத்தில் பேசுகிறவள் அக்கா, கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற போட்டியில் போன வருஷம் முதல் பரிசு. நடுவர் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். சரியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

என் அக்கா பெயர் கோமதி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தாள், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று அவள் சொல்கிறாள். விடவைத்தார்கள் என்று நான் சொல்கிறேன். அத்தானுக்குக் கோவில்பட்டியில் பம்புசெட் மோட்டார் கடை. செண்பகராஜ் என்று பெயர். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். பையன் பெயர் ஜெய்தேவ், தேவு என்று கூப்பிடுகிறார்கள். இன்னும் இரண்டு வயதாகவில்லை. கடித்தால் ரத்தம் வருகிற அளவுக்குப் பல் முளைத்திருக்கிறது.

சாரல் நன்றாக இருக்கிறது, லீவும் சேர்ந்தாற்போல வருகிறது, குற்றாலம் போகலாம் என்று அத்தான் முடிவு செய்தார். அக்கா எனக்குப் போன் போட்டாள். "வேணி, நீயும் வாட்டி. எங்க அத்தைக்கு மூட்டுவலி, அவங்க வரலைன்னுட்டாங்க. நீ வந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். ஒத்தாசை என்றால் என்ன? பேச்சுத்துணை. பாவம், அந்த வீட்டில் அவளுக்கு நாலு விஷயம் பேச ஆள் கிடையாது. அத்தான், அத்தானுடைய அப்பா, இந்தக் குழந்தை. சரி, அவளுக்காகப் போவோம் என்று கிளம்பினேன். இரண்டு புத்தகம்கூட எடுத்துக்கொண்டேன், அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று.

காரில் ஏறிப் பாதி வழி போவதற்குள் தேவு கக்கிவிட்டான். வாழைப்பழம். உள்ளே போனபோது வாழைப்பழம், வெளியே வந்தபோது என்னவென்று நான் சொல்லமாட்டேன். அக்கா மடி முழுக்க, சீட் முழுக்க. முன்னால் உட்கார்ந்திருந்த அத்தான் திரும்பிப் பார்த்து, "கோமு, பையன் கக்கிட்டான் பாரு" என்றார். செய்தி வாசிக்கிறார் அக்கா! மடியில் வாங்கியவளுக்கு அவர் சேதி சொல்கிறார். மாமா, அதாவது அத்தானுடைய அப்பா, "ஏசியக் கூட்டி வைப்பா, வாடை அடிக்கி" என்று டிரைவரிடம் சொன்னார். அவ்வளவுதான் அந்த வீட்டு ஆண்களின் பங்களிப்பு.

நான் விடவில்லை. காலை மடக்கி சீட்மேல் ஏற்றிக்கொண்டு, துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். கட்டாவிட்டால் எப்படிப் பேசுவது? "அத்தான், இது யாரோட வேலைன்னு நீங்க நினைக்கீங்க?" என்றேன். அக்கா நடுவே, "வேணி, உன் காலடில துண்டு கெடக்கு பாரு, எடுத்துக் குடு" என்றாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள், நான் எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு ஆணின் வாந்தியை இரண்டு பெண்கள் சேர்ந்து துடைத்ததாக ஆகியிருக்கும். குழந்தையானாலும் ஆண்தானே. அக்கா தானே குனிந்து எடுத்துக்கொண்டாள். குனிந்ததில் மடியிலிருந்தது என் செருப்பில் வழிந்தது. அந்தச் செருப்பை அங்கேயே போட்டுவிட்டேன், இது புதுசு.

மத்தியானம் ஓட்டலில் பார்க்க வேண்டுமே. அக்கா ஒரு கையால் தேவுவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டுகிறாள். அவன் செல்போனில் ஏதோ கரடி பாட்டுப் பாடுவதைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பான். திறந்து, வாங்கி, மென்று, துப்புவான். துப்பினதை என்ன செய்தாள் தெரியுமா? வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இயற்பியல் படித்தவள்! "என்னக்கா இது?" என்றேன். "என்னத்தட்டி செய்ய? கீழ போட்டா ஓட்டல்காரன் வைவான்" என்றாள். அவளுடைய பரோட்டா ஆறி அட்டையாகிவிட்டது. அத்தான் தன் இலையை மடித்துவிட்டு, "நல்லா சாப்பிடு கோமு, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன். அந்தக் காட்சியை என்னால் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது. மனசாட்சி இருக்கிறவர்களால் முடியாது.

லாட்ஜில் இரண்டு அறை. ஆண்களுக்கு ஒன்று, எங்களுக்கும் குழந்தைக்கும் ஒன்று. பெட்டியை இறக்கிவைத்த கையோடு அத்தானும் மாமாவும் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். போய் வந்தார்கள். மிளகாய்பஜ்ஜி தின்றார்கள். மறுபடியும் போய் வந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் மினுமினு என்று இரண்டு பேரும் ஒரே நாளில் பத்து வயது குறைந்த மாதிரி வந்து நின்றார்கள். "தண்ணி அள்ளிக்கிட்டுப் போவுது கோமு" என்றார் அத்தான். அக்கா தேவுவின் சட்டையை மாற்றிக்கொண்டே, "அப்படியா" என்றாள்.

அந்த "அப்படியா" இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள். கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி, சுடுதண்ணீரில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். "நான் இந்த ஊருக்கு வந்தது ஒரே ஒண்ணுக்குத்தான் வேணி. உச்சி நனைய ஒரு குளி. இவன் பெறந்ததுல இருந்து நான் நிதானமா குளிச்சதே கெடையாது. கதவச் சாத்துனா கத்துதான். கதவத் தெறந்துவச்சிக்கிட்டு ரெண்டு செம்பு ஊத்திட்டு ஓடியாரேன். ஒரு தடவையாவது அருவிக்கு அடியில நின்னு, போதும்னு எனக்கே தோணுற வரைக்கும் நிக்கணும்" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கண்டிப்பா நிக்கணும்க்கா. அது உன் உரிமை" என்றேன். ஒன்று மட்டும் சொன்னேன். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்களே, படித்த நாமே அதை மீறலாமா என்று கேட்டேன். "ஒரு கிண்ணம் எண்ணெயில அருவி செத்துராது. என் மண்ட காஞ்சு நான்தான் செத்துருவேன்" என்றாள். சுற்றுச்சூழல் பற்றி நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் தலைமுதல் கால்வரை எண்ணெய் பூசி முடித்துவிட்டாள். பழைய மெரூன் நைட்டி, தோளில் துண்டு. முடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. அப்படியே தேவுவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவன் வழுக்குகிறான். அவள் ஏற்றி ஏற்றி வைக்கிறாள். விலாங்கு மீனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி கடைத்தெரு வழியாக அருவிக்கு நடந்தோம். அவன் மேலெல்லாம் எண்ணெய், அந்த எண்ணெயில் பிஸ்கட் தூள், அதற்குமேல் மூக்கிலிருந்து ஒழுகியது. நான் நாலடி தள்ளித்தான் வந்தேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள் அக்கா. வழக்கு இங்கேதான் இருக்கிறது.

பெண்கள் பக்கம் வரிசை நின்றது. நகர்ந்துகொண்டும் இருந்தது. அக்கா முறை வருவதற்குக் கொஞ்சம் பேர்தான் பாக்கி. அவள் என் பக்கம் திரும்பி, தேவுவை நீட்டி, "பிடிட்டி, பத்து நிமிசம்" என்றாள்.

நான் ஒரு அடி பின்னால் வந்தேன். பயந்து அல்ல. ஒரு கொள்கையின்பேரில். நான் அவனை வாங்கினால் அங்கே என்ன மாறும்? ஒரு பெண் இடுப்பிலிருந்து இன்னொரு பெண் இடுப்புக்கு மாறும். அவ்வளவுதானே? அந்தப் பக்கம் பஜ்ஜிக் கடையில், எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்ட பெற்ற தகப்பன் மாமாவோடு நிற்கிறார். நான் வாங்கிக்கொண்டால் அவருக்குத் தன் பொறுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். என் ஆய்வில் நான் எழுதியிருக்கிறேன், சுமையைப் பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வதால்தான் இந்த அமைப்பே நிற்கிறது என்று. எழுதிவிட்டு நானே செய்வதா? அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

"முடியாதுன்னு இல்லக்கா, வாங்கமாட்டேன்" என்றேன். "அத்தானைக் கூப்பிடுதேன், இரு."

"அவங்கள எதுக்குட்டி இங்க? பொம்பளைங்க நிக்க இடத்துல. நீ பிடி, நான் ஓடிப் போயிட்டு வந்துருதேன்."

"நீ எதுக்கு ஓடணும்? நிதானமா நின்னு குளிக்கணும்னு சொன்னியே. இன்னைக்கு இத முடிவு பண்ணாம விடப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு, "அத்தான், இங்க வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தேன். மேடையில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல். அருவிச் சத்தத்தையும் தாண்டிப் போனது. அத்தான் மட்டுமல்ல, பஜ்ஜிக் கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

வந்தார். கையில் பஜ்ஜி. "என்ன வக்கீலம்மா, என்ன கேசு?" என்றார். பின்னாலேயே மாமாவும் வந்தார்.

"இது யார் பிள்ளை அத்தான்?"

"என்ன கேள்வி இது? நாலு பேர் நிக்க எடத்துல கேக்க கேள்வியா?"

பக்கத்தில் சிரித்தார்கள். நான் அசரவில்லை. "உங்க பிள்ளைன்னா நீங்க இன்னைக்கு அவன எத்தன நேரம் தூக்கினீங்க? நீங்க ரெண்டு தடவை குளிச்சாச்சு. இவ எண்ணெயத் தேச்சுக்கிட்டு நிக்கா. நிக்காளா இல்லையா?"

"நிக்கா. நான் குளிக்க வேண்டாம்னா சொன்னேன்?"

"குளின்னு சொல்ல நீங்க யாரு?"

"ஏம்மா தாயி" என்று மாமா குறுக்கே வந்தார். "நாங்க கூடப் பெறந்தவங்க ஏழு பேரு. எங்கய்யா ஒருத்தனையும் ஒரு நாளும் தூக்கினதில்ல. நாங்க வளரலையா?"

"அதான் பாக்கேனே மாமா" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வரிசையிலிருந்த ஒரு பெரிய உடம்புக்கார அம்மா, சிவகாசிப் பக்கமாம், "விடாத தங்கச்சி! நல்லாக் கேளு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், எனக்கு மேடை கிடைத்துவிட்டது. குழந்தையைச் சுமப்பது பத்து மாதத்தோடு முடிகிறதா என்று ஆரம்பித்தேன். பம்புசெட்டுக்கு வாரண்டி கொடுக்கிற அத்தான் பெற்ற பிள்ளைக்கு என்ன வாரண்டி கொடுத்தார் என்று கேட்டேன். கைதட்டினார்கள் அக்கா! குற்றால அருவிக்கரையில் நனைந்த கையால் கைதட்டு. வரிசை அக்காவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, போகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, போதும்ட்டி. இவன் வழுக்குதான், கை வலிக்கி. நான் போறேன்ட்டி."

"நீ சும்மா இரு அக்கா, உனக்காகத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

கடைசியில் அத்தான் இறங்கி வந்தார். மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு, கையை லுங்கியில் துடைத்துவிட்டு, "சரி தாயி, ஒங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. குடு கோமு, நான் ஹெல்ப் பண்ணுதேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார். அக்கா கொடுக்கப் போனாள்.

நான் நடுவில் புகுந்து நின்றேன்.

"ஹெல்ப்பா? யாருக்கு யார் ஹெல்ப் பண்ணுறது? அடுத்த வீட்டுப் பிள்ளையையா வாங்குறீங்க? அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க அத்தான். என் கடமைன்னு சொல்லி வாங்குங்க. அதுவரைக்கும் குடுக்காதக்கா."

விட்டிருக்கலாமே என்கிறீர்களா? எப்படி விடுவது? அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. இன்றைக்கு ஹெல்ப் என்று வாங்கினால் நாளைக்கு நன்றி எதிர்பார்ப்பார். அக்காவுக்கும் புரியவில்லை. "என்ன எழவுன்னாலும் சொல்லிட்டுப் போறாக, வழிய விடுட்டி!" என்று என்னிடம் சீறுகிறாள். அத்தானுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "என்னத்த வாபஸ் வாங்கணும்? கடமைன்னு சொல்லணுமா? நான் என்ன கோர்ட்லயா நிக்கேன்?" என்கிறார். அந்தச் சிவகாசி அம்மாகூட, "தங்கச்சி, அதான் வாங்குதேங்காருல்லா, விட்ரு" என்று கட்சி மாறிவிட்டாள். நம் பெண்களுக்கு எப்போதுமே பாதி வெற்றி போதும். நான் அந்தச் சொல்லின் வரலாற்றையே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போதுதான் விசில்.

மேலே மலையில் மழை கொட்டியிருக்கிறது போல. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறத்துக்கு மாறியது. பெண் போலீஸ் ஒருத்தி விசிலடித்துக்கொண்டே வந்து, "எல்லாரும் வெளிய! வெளிய! யாரும் உள்ள போகக் கூடாது!" என்று விரட்டினாள். ஒரு நிமிஷத்தில் கயிறு கட்டிவிட்டார்கள். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு முங்கு மேடம், எண்ணெய் தேச்சிட்டேன் மேடம்" என்று கெஞ்சினாள். "எண்ணெய் வேறயா? பலகையப் பாக்கலையா?" என்று அதற்கும் ஒரு திட்டு.

அத்தான், "இப்பக் குடு, கடமையாவே வச்சுக்கிடுதேன்" என்றார். மாமா சிரித்தார். எவ்வளவு கேவலமான மனிதர்கள் பாருங்கள்.

அன்று ராத்திரி லாட்ஜ் குழாயில் தண்ணீர் நூல்மாதிரி வந்தது. அரை வாளி தண்ணீர், ஒரு பாக்கெட் ஷாம்பு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளித்தாள், தேவு வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். எண்ணெய் போகவில்லை. முடி திரிதிரியாக ஒட்டிக்கொண்டு, நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்கு உற்சாகம் சொன்னேன். "அத்தான் முகம் போன போக்கப் பாத்தியாக்கா? கடைசில பதில் சொல்ல முடியல, பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். தேவுவை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். என்மேல் என்ன கோபம்? மலையில் நானா மழை பெய்யச் சொன்னேன்?

விடிந்தும் விடியாத நேரம். யாரோ என் தோளை உலுக்குகிறார்கள். அக்கா. "வேணி, தண்ணி கொறைஞ்சிட்டாம், கயித்த எடுத்துட்டாங்களாம். தேவு தூங்குதான். செத்த நேரம் பாத்துக்கிடுவியா?"

அரைத்தூக்கத்தில்கூட எனக்குத் தெளிவு இருந்தது அக்கா. அதில் எனக்குப் பெருமைதான். "அத்தானை எழுப்பு. அதுதான் முறை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் ஏதோ இரும்புச் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது என் வாய்க்குள் ஒரு கை இருந்தது. தேவு என் நெஞ்சின்மேல் உட்கார்ந்து என் பல்லை எண்ணிக்கொண்டிருந்தான். தள்ளிவிட்டு எழுந்து கதவை இழுத்தேன். திறக்கவில்லை. வெளியே நாதாங்கி போட்டுப் பூட்டியிருக்கிறாள்.

ஆமாம் அக்கா. என்னை. என் கூடப்பிறந்தவள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போன் போட்டால் அவள் போன் அவள் தலையணைக்கு அடியிலேயே அடிக்கிறது. எடுத்துக்கொண்டே போகவில்லை. அடுத்த அறையில் அத்தானும் மாமாவும் குறட்டை விடுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. சுவரைத் தட்டக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. தட்டி என்னவென்று சொல்வது? அத்தான், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்கள் என்றா? முந்தின நாள் ஊரறிய நான் நிறுவிய வாதம் என்னாவது? கையை இறக்கிவிட்டேன்.

அதற்குள் அவன் தன் வேலையை முடித்துவிட்டான். ஜட்டி மட்டும்தான் போட்டுவிட்டிருந்தாள். தரையில், பாயில், என் புத்தகத்தின் ஓரத்தில். அதில் உட்கார்ந்து அவன் நகர்கிறான், என்னை நோக்கி, சிரித்துக்கொண்டே. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? மூன்றா? நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்? நான் ஜன்னல் மேடைமேல் ஏறி நின்றுவிட்டேன். அவன் "த்தி, த்தி" என்கிறான். சித்தியாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பட அவன் அக்குளைப் பிடித்துத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். அவன் காலை உதறினான். போதும், அதற்குமேல் வர்ணிக்க வேண்டாம். இந்தச் சுடிதார் நேற்று நல்ல பச்சை நிறம்.

கழுவி முடித்ததும் அம்மா எங்கே என்று தேடி, கதவை அடித்து அடித்து அழ ஆரம்பித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனிடமே பேசினேன். "உன் அப்பன் தூங்குதான். உன் அம்மா ஓடிட்டா. இந்தச் சமூகம் உன்னை எங்கிட்டத் தள்ளிருக்கு" என்று கையை நீட்டிப் பேசினேன். அழுகையை நிறுத்திவிட்டான். நான் குரலை உயர்த்தினால் சிரிக்கிறான், கையை ஓங்கினால் கைதட்டுகிறான். நிறுத்தினால் அழுகிறான். அதனால் பேசிக்கொண்டே இருந்தேன் அக்கா, என் முதல் அத்தியாயம் முழுவதும். குழந்தை சிரித்தால் எல்லாம் மறந்துபோகும் என்பார்களே, எனக்கு எதுவும் மறக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் மூக்கைத் துடைத்தான்.

சூரியன் நன்றாக ஏறிய பிறகு பூட்டுத் திறக்கிற சத்தம். அக்கா நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. உதடு நீலம் பாரித்திருக்கிறது, கண் ரெண்டும் சிவந்திருக்கிறது. கையில் கடித்த மிளகாய்பஜ்ஜி. தனியாக நின்று பஜ்ஜி தின்று டீ குடித்துவிட்டு வந்திருக்கிறாள்!

நான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணைச் சிறைவைப்பதா என்று ஆரம்பித்தேன். அவள் தரையைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், என் சுடிதாரைப் பார்த்தாள். தேவு அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். "உன் கட்டுரைல எழுதிக்கோட்டி, கூடப்பெறந்தவளே பூட்டிவச்சிட்டான்னு. என் பேரையும் சேத்துப் போடு" என்றாள்.

அப்புறம் என்ன செய்தாள் என்று கேளுங்கள். அடுத்த அறைக் கதவைத் தள்ளினாள், அது சும்மா சாத்தித்தான் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த அத்தான் வயிற்றின்மேல் தேவுவை வைத்தாள். வைத்துவிட்டு, துண்டை முறுக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி அருவிக்கே போய்விட்டாள். ஒரு வாதம் இல்லை, ஒரு விளக்கம் இல்லை. அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னல, முழிச்சிட்டியா?" என்று அவனை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார்! கடமையா உதவியா என்று ஒரு பேச்சும் இல்லை. இப்படிச் செய்தால் எது மாறும் அக்கா? கோட்பாடே இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்தால் அது நிலைக்குமா?

அதற்குமேல் அங்கே இருக்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். யாரும் இரு என்று சொல்லவில்லை. அத்தான் மட்டும் தேவுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து, "சாப்பிட்டுப் போயேன் வக்கீலம்மா" என்றார். அவர் சட்டையிலும் அந்த வாடை வந்துவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சொல்லுங்கள் அக்கா, நீங்கள்தான் நடுவர். பூட்டினது சரியா, தப்பா? மழுப்பக் கூடாது.

என்ன?

ரெண்டாம் தடவையும் தண்ணி நல்லா விழுந்துச்சாமா என்றா கேட்கிறீர்கள்? நான் என்ன கேட்கிறேன், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்!

விழுந்திருக்கும். அவள் திரும்பி வருகிற வழியில்தான் கடைத்தெருவில் என் எதிரே வந்தாள். கடைசியாக ஒரு தடவை எடுத்துச் சொல்வோம் என்று நடுரோட்டில் நிறுத்தி, அவள் செய்ததில் இருக்கிற பிழையை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் காதைத் தட்டிக்கொண்டே நின்றாள். பிறகு மறு பக்கம் சாய்த்துத் தட்டினாள். நான் முடித்ததும், "ரெண்டு காதும் தண்ணி அடச்சிக்கிட்டுட்டி, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தில் ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை அக்கா. சிரித்துக்கொண்டே போகிறாள்.